தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது!

"சார், எனக்குத் தைராய்டு இருக்காம்!"

என் கிளினிக்கில் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இந்த வார்த்தையோடுதான் உள்ளே வருகிறார்கள். ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்ட மாதிரி முகத்தில் ஒரு கலக்கம். கையில் லேப் ரிப்போர்ட்.

"தைராய்டு எனக்கும் இருக்கும்மா. உங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு. இல்லாமல் போனால்தான் ஆபத்து" என்பேன். லேசாகச் சிரிப்பார்கள். அடுத்து வருவதுதான் முக்கியமான கேள்வி. "ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடணும்னு சொல்றாங்க சார். எனக்கு இங்கிலீஷ் மருந்தே பிடிக்காது. அதை நிறுத்திட்டேன். உங்க மருந்திலேயே குணப்படுத்திடுங்க."

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, புதுச்சேரியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வைத்தியம் பார்ப்பவன் நான். என்னைத் தேடி வருகிறவரிடம் "அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று நானே சொன்னால் சிலருக்குக் கோபம்கூட வருகிறது. "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி சார்?" என்கிறார்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று புரிய வேண்டுமானால், சுரப்பிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கஷ்டமான விஷயம் இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.

வாய்க்கால் இல்லாத சுரப்பி

நம் ஊர் பாரதி பூங்காவின் நடுவில் நிற்கிற ஆயி மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் ஞாபகார்த்தம் அது. ஓர் இடத்தில் ஊறும் தண்ணீர், வழி அமைத்துக் கொடுத்தால் இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரும். உடம்பில் உமிழ்நீர்ச் சுரப்பி அப்படித்தான். அதற்கென்று ஒரு குழாய் உண்டு. ஊறுகிற எச்சில் நேராக வாய்க்குள் வந்துவிடும். வியர்வையும் கண்ணீரும் அதே ரகம்தான்.

இன்னொரு ரகச் சுரப்பிகளுக்குக் குழாயே கிடையாது. தாங்கள் சுரப்பதை நேராக ரத்தத்தில் கலந்துவிடும். அதனால்தான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று படித்தோம். அவை சுரக்கிற பொருள்தான் ஹார்மோன். 1905-ல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். 'தூண்டிவிடுவது' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கு 50 வருஷம் முன்பே, உடம்புக்குள்ளேயே ரத்தத்தில் கலக்கும் சுரப்பு உண்டு என்று பேசியவர் பிரெஞ்சுக்காரரான கிளாது பெர்னார்.

ரத்தம் உடம்பு முழுக்கத்தானே ஓடுகிறது, ஹார்மோன் எப்படி ஒரு குறிப்பிட்ட உறுப்பை மட்டும் போய் எழுப்பும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் மைக்கில் ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "பச்சைச் சட்டை போட்ட பையன் இங்கே இருக்கிறான், அவன் அம்மா வரவும்." கூட்டம் முழுக்கக் கேட்கும். எழுந்து ஓடுவது ஒரே ஒருத்திதான். ஹார்மோனும் அப்படி ஓர் அறிவிப்பு. எந்த செல்லில் அதைக் கேட்கும் காது இருக்கிறதோ அந்த செல்தான் எழுந்து வேலை செய்யும்.

அளவுதான் இதில் ஆச்சரியம். நம் ரத்தம் சுமார் 5 லிட்டர். சாப்பிடாமல் இருக்கும்போது அதில் ஓடுகிற சர்க்கரை மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான்! நீங்கள் காலையில் குடிக்கும் ஒரு டம்ளர் காபியில் அதைவிட அதிகமாக இருக்கும். ஆனாலும் குடித்த இரண்டு மணி நேரத்தில் ரத்தம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. கணையத்தில் திட்டுத்திட்டாக இருக்கும் செல்கள் இன்சுலினைச் சுரந்து அதைச் சரிக்கட்டுகின்றன. சர்க்கரை இறங்கிப்போனால் குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து ஏற்றுகிறது. கழுத்தில் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அவை கால்சியத்துக்குக் காவல். சர்க்கரை வியாதியைப் பற்றி இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அதனால் நான் தைராய்டுக்கே வருகிறேன்.

மேஸ்திரியின் குரல்

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகை விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி. எடை 20 கிராம் அளவில் இருக்கும். அது ஒரு நாளைக்குச் சுரக்கும் தைராக்சின் ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. இந்தத் துளிதான் இதயம் எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், குடல் எப்படி அசைய வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

அதற்கு மேலே ஓர் அதிகாரி உண்டு. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. (அதற்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்று ஒரு பெரிய அதிகாரி இருக்கிறார். அவரை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) பிட்யூட்டரி ஒரு மேஸ்திரி மாதிரி. ரத்தத்தில் தைராக்சின் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வேலை ஒழுங்காக நடந்தால் மேஸ்திரி அமைதியாக இருப்பார். கொத்தனார் கை தளர்ந்தால் "டேய், சீக்கிரம் ஆகட்டும்!" என்று குரலை உயர்த்துவார். அந்தக் குரல்தான் உங்கள் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். என்று அச்சாகியிருப்பது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. "டி.எஸ்.எச். அதிகமா இருக்கு, அப்போ தைராய்டு அதிகம்தானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நேர்மாறு. மேஸ்திரி சத்தம் போடுகிறார் என்றால் கொத்தனார் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைவு. டி.எஸ்.எச். தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டால், பெரும்பாலும் தைராய்டு கட்டுக்கு அடங்காமல் சுரக்கிறது.

குறைந்தால் என்ன ஆகும்? உடம்பு கனக்கும். பத்து மணி நேரம் தூங்கியும் தூக்கம் போகாது. மலச்சிக்கல், முடி கொட்டுதல், வறண்ட தோல், மாதவிடாயில் அதிகப் போக்கு, மற்றவர்களுக்கு வியர்க்கும்போது தனக்கு மட்டும் குளிர்வது. கொலஸ்ட்ரால்கூட ஏறும். அதிகமானால் இதற்கு எதிர். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது எவ்வளவு சகஜம் தெரியுமா? புதுச்சேரிப் பெண்கள் ஐந்நூறு பேருக்குச் சற்று மேல் சோதித்து, 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. நூற்றுக்கு 15 பேருக்கும் மேல் தைராய்டு வேலையில் கோளாறு. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குறைவு. அதிலும் பெரும்பகுதி, டி.எஸ்.எச். மட்டும் லேசாக ஏறி, தைராக்சின் சரியாகவே இருக்கும் ஆரம்ப நிலை. இந்த ஆரம்ப நிலைக்காரர்கள் எல்லோரும் உடனே மாத்திரை போட வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் சிலருக்குத் தானே இறங்கியிருக்கும். இவர்களுக்குத்தான் "ஆறு மாசத்தில் தைராய்டைக் குணமாக்கினேன்" என்று சிலர் பெயர் வாங்கிக்கொள்கிறார்கள்! ஆனால் கர்ப்பிணிக்கும், குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் இந்தத் தாராளம் கூடாது. அவர்கள் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கடலோரத்தில் இருந்தும் அயோடின் இல்லை

கொத்தனாருக்கு செங்கல் வேண்டும் அல்லவா? தைராய்டுக்கு அயோடின்தான் செங்கல். ஒரு தைராக்சினுக்கு நான்கு அயோடின் அணுக்கள். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. எழுபது வயது வரை கணக்குப் போட்டாலும் மொத்தம் நான்கு கிராம் வராது. ஒரு டீஸ்பூன்கூட இல்லை. அந்த ஒரு ஸ்பூனைத் தினமும் துளித்துளியாகக் கொடுத்தாக வேண்டும், அதுதான் சிக்கல்.

இங்கே என்னிடம் வாதாடுகிறவர்கள் அதிகம். "மரக்காணம் உப்பு சார், நேரா கடல்லேர்ந்து எடுத்தது. அதுல இல்லாத அயோடினா?" இல்லை என்பதுதான் உண்மை. கடல் தண்ணீரில் அயோடின் கொஞ்சம்தான். உப்பளத்தில் காய்ச்சி உப்பாகும்போது அதில் மிஞ்சுவது நம் தேவைக்குத் துளியும் போதாது. கடல் அயோடினைத் தருவது மீன் வழியாக, பாசி வழியாக. 1811-ல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா என்பவர் அயோடினைக் கண்டுபிடித்ததே கடற்பாசிச் சாம்பலில்தான். மீன் சாப்பிடும் வீட்டுக்கு ஓரளவு பரவாயில்லை. சுத்த சைவ வீட்டில் பாலும் உப்பும்தான் கதி.

உப்பில் அயோடின் சேர்ப்பது யாரோ வியாபாரத்துக்காகக் கட்டிவிட்ட கதை என்று சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்கு இமாசலத்து காங்ரா பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே நூற்றுக்கு 40 பேர் அளவில் கழுத்துக் கழலையோடு இருந்தார்கள். 1950-களின் நடுவில் பேராசிரியர் வி. ராமலிங்கஸ்வாமியும் அவர் குழுவினரும் சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு. ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில வருஷத்தில் அயோடின் உப்பு போன இடங்களில் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாதா உப்பு போன இடத்தில் அப்படியே இருந்தது. 1962-ல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது இந்த அனுபவத்தில்தான். பிறகு அயோடின் இல்லாத உப்பைச் சமையலுக்கு விற்கக் கூடாது என்று 1998-ல் தடை வந்தது. 2000-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2006-ல் திரும்பவும் கொண்டுவந்தார்கள்.

ஒரு கிலோ உப்பில், உங்கள் கைக்கு வரும்போது குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், எழுதியிருக்கும். ஜாடியை அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள். ஈரமும் சூடும் அயோடினைக் குறைத்துவிடும்.

இந்துப்பு பற்றி ஒரு வார்த்தை. இப்போது எல்லா வீட்டிலும் சமையலுக்கே இந்துப்பு என்று ஒரு மோகம். அது எங்கள் மருந்துப் பெட்டியில் இருக்கிற சரக்கு, அதன் அருமை எனக்குத் தெரியும். சூரணத்தில் சேர்ப்பது வேறு, தினமும் சாம்பாரில் போடுவது வேறு. இந்துப்பில் அயோடின் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். குழந்தை வேண்டும் என்று நினைக்கிற பெண் இருக்கும் வீட்டில் சமையலுக்கு அயோடின் உப்பே இருக்கட்டும். அதற்காகக் கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்கவும் வேண்டாம். அயோடின் அளவுக்கு மீறினாலும் தைராய்டு கெடும்.

'சமத்துக் குழந்தை'

"பிறந்து பத்து நாள் ஆச்சு. அழவே மாட்டேங்குது. ரொம்ப சமத்து!" என்று பாட்டிமார் பெருமைப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் உண்மையாகவே சமத்தாகத்தான் இருக்கும். ஆனால் எப்போதும் தூக்கம், பால் குடிக்கச் சோம்பல், மஞ்சள் காமாலை விட்டுப்போகாமல் நீடிப்பது, மலச்சிக்கல், துருத்திய தொப்புள், பெரிய நாக்கு இதெல்லாம் சேர்ந்தால் அது சமத்து இல்லை. தைராய்டு இல்லாமலோ வேலை செய்யாமலோ பிறந்த குழந்தையாக இருக்கலாம். நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது.

கொடுமை என்னவென்றால், பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் எந்த அடையாளமும் தெரியாது. வயிற்றில் இருந்தவரை அம்மாவின் தைராக்சின் ஓரளவு காப்பாற்றியிருக்கும். அடையாளம் தெரிகிற வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சி கெட்டுவிடும். பிறகு எந்த மருந்து கொடுத்தாலும் போனது திரும்பாது. முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்துத் தைராக்சின் கொடுத்தால் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும், படிக்கும். செலவு கொஞ்சம்தான். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், அல்லது தொப்புள்கொடி ரத்தம், அவ்வளவுதான் சோதனை. பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் "டி.எஸ்.எச். பார்த்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டுக்கு வரும் முன் ரிசல்ட்டை வாங்குங்கள். இந்தக் குழந்தைக்கு நாட்டு மருந்து, உரை மருந்து என்று யாராவது நாள் கடத்தினால் விடாதீர்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

870 ஆடுகள்

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர், தைராய்டு முற்றிலும் நின்றுபோய், முகம் வீங்கி, பேச்சு குழறிப்போன 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். சில மாதத்தில் ஆளே மாறிவிட்டார். பிறகு அதை வாய்வழியாகவே சாப்பிட்டு, 1919-ல் 74 வயதில்தான் இறந்தார். அத்தனை வருஷத்தில் அவர் ஒருவருக்காக 870 ஆடுகளுக்கு மேல் தைராய்டு தேவைப்பட்டதாம். கவனியுங்கள், அந்த அம்மாளுக்கு வியாதி குணமாகவில்லை. உடம்பு செய்ய மறந்த பொருளை வெளியிலிருந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான். இன்றைய தைராக்சின் மாத்திரையும் அதேதான். கிணறு வற்றிவிட்டால் லாரியில் தண்ணீர் வாங்குகிறோமே, அதைப் போல. எங்கள் சூரணமோ பற்பமோ தைராக்சின் ஆகாது. சித்தர்கள் ஹார்மோனை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு. வாதம், பித்தம், கபம் தன் அளவில் நிற்க வேண்டும் என்ற பார்வை பெரிய பார்வைதான். அதற்காக டி.எஸ்.எச்.-ஐ நாடியில் பார்த்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னால் அது பொய்.

நிறுத்துகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். இன்று நிறுத்தினால் நாளைக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள், பதினைந்து நாள் நன்றாகவே இருக்கும். "பாருங்க சார், மாத்திரையை விட்டுட்டு உங்க கஷாயம் குடிச்சேன், சூப்பரா இருக்கேன்!" என்பார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம். இரண்டாவது மாதம் கால் வீங்கி, குரல் கட்டி வந்து நிற்பார்கள். அதே காரணத்தால்தான் மாத்திரை அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்கிறார்கள். அடுத்த வாரமே பார்ப்பது காசுக்குக் கேடு.

இந்த அளவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம். பிரான்சில் சொந்தக்காரர்கள் உள்ள வீடுகளில் லெவோதைரோக்ஸ் என்ற மாத்திரை பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017 வாக்கில் அங்கே ஏறத்தாழ 30 லட்சம் பேர் சாப்பிட்ட மருந்து. 2017-ல் அதில் மருந்தை மாற்றவில்லை, கூடச் சேர்க்கிற பொருள்களை மட்டும் மாற்றினார்கள். லாக்டோஸுக்குப் பதில் மானிடால், சிட்ரிக் அமிலம். அதற்கே ஆயிரக்கணக்கானவர்கள் களைப்பு, தலைசுற்றல், முடி கொட்டுதல் என்று புகார் செய்து, பழைய மாத்திரையை மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆகவே பிரான்சிலிருந்து தம்பி அனுப்பிய டப்பா தீர்ந்து இங்கே வேறு பிராண்ட் வாங்கினால், ஆறு வாரத்தில் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

என்னிடமும் மருந்து சாப்பிட்டு, தைராக்சினும் சாப்பிடுகிறவர்கள் நேரத்தைக் கவனிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியே. அயச்செந்தூரம் இரும்பு, சங்கு பற்பமும் முத்துச்சிப்பி பற்பமும் சுண்ணாம்புச் சத்து. இவை தைராக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அல்லோபதி டாக்டர் எழுதிய அயர்ன், கால்சியம் மாத்திரைக்கும் இதே சட்டம். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ரிப்போர்ட்டே தப்பாக வரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பயம் வேண்டாம். வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம்.

இரண்டே நாளில் வலி போக்கும் பொட்டலம்

தைராய்டில் நிறுத்தினால் மெதுவாகத் தொந்தரவு. இன்னொரு சுரப்பி இருக்கிறது. அதன் விஷயத்தில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையை ஒப்புக்கொண்டேன்.

சிறுநீரகங்களின் தலையில் குல்லா போட்ட மாதிரி இரண்டு அட்ரினல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான். இவற்றில் சுரக்கும் கார்ட்டிசால்தான் இயற்கையான ஸ்டீராய்டு. காலையில் எழுந்திருக்கும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும், நடு ராத்திரியில் அடங்கும். காய்ச்சல், விபத்து, ஆபரேஷன் என்றால் பல மடங்கு சுரந்து ரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிக்கும். இதற்கும் மேஸ்திரி அதே பிட்யூட்டரிதான். 1948-ல் அமெரிக்காவில் முடக்குவாதத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு முதல்முறையாக இந்த ரக ஹார்மோனைக் கொடுத்தபோது சில நாளில் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்கு நோபல் பரிசு. பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான கெண்டால், 1914-ல் தைராக்சினைப் பிரித்தெடுத்தவரும் ஆவார்! ஸ்டீராய்டு வில்லன் அல்ல. டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும்போது உயிர் காக்கிற மருந்து. ஆஸ்துமாக்காரர்கள் இதைப் படித்துவிட்டு இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வில்லன் யாரென்றால், 'மூலிகைப் பொடி' என்ற பெயரில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்து விற்கிறவன். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் இந்தப் பொட்டலங்கள் ஊர் ஊராக ஓடுகின்றன. லேபிள் இல்லை, பெயர் இல்லை. பத்து வருஷ வலி இரண்டு நாளில் போய்விடும். எங்கள் அமுக்கரா சூரணத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது வாரக்கணக்கில்தான் வேலை செய்யும். இரண்டு நாளில் பறக்கவைக்கும் பொடியைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வருகிறது.

வில்லியனூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இரண்டு வருஷமாகப் பொடி சாப்பிடுகிறார். முகம் பௌர்ணமி மாதிரி உருண்டிருக்கிறது. கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை. தொட்ட இடமெல்லாம் தோலில் ரத்தம் கட்டிக் கறுப்பு. புதிதாக சுகர், பிபி. "உடம்பு நல்லா தேறியிருக்குன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க" என்றார். நான் ஒரு மருந்தும் கொடுக்கவில்லை. மகனைக் கூப்பிட்டு, அன்றைக்கே கோரிமேடு ஜிப்மருக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். மகன் பொடியைப் பிடுங்கி அங்கேயே குப்பையில் போடப் போனார். தடுத்து நிறுத்தினேன்.

ஏன் தடுத்தேன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், 'சரக்கு ஏராளமாக இருக்கிறது' என்று மேஸ்திரி வாயை மூடிக்கொள்வார். கூப்பிட ஆள் இல்லாமல் அட்ரினல் சுருங்கித் தூங்கிவிடும். மூன்று நான்கு வாரம் தொடர்ந்து சாப்பிட்டாலே இது ஆரம்பமாகலாம். பிறகு எழுந்திருக்கப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம்கூட. அந்த நிலையில் பொடியைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் ஸ்டீராய்டே இருக்காது. வாந்தி, வயிற்று வலி, எழுந்து நிற்க முடியாத களைப்பு, ரத்த அழுத்தம் விழுவது. சாதாரணக் காய்ச்சலில் மனிதர் மயங்கிவிழுந்து உயிரே போகலாம். "நாட்டு மருந்தை விட்டதும் இப்படி ஆயிடுச்சு, மறுபடி கொடுத்தா சரியாகுது" என்று வீட்டார் பொடியையே கும்பிடுவார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப்பட்ட பொட்டலத்தைச் சில வாரமாகவே சாப்பிட்டு வந்தால், ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். அதையே தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். அன்றைக்கே பொட்டலத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "இதை இத்தனை நாளாகச் சாப்பிடுகிறார்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசால் சோதனை எடுப்பார்கள். தெரிந்த அளவில் சரியான மாத்திரை கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, தூங்கும் சுரப்பியை எழுப்புவார்கள். வழியில் வாந்தியோ மயக்கமோ வந்தால் வெளி நோயாளிகள் வரிசையில் நிற்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போய் 'ஸ்டீராய்டு கலந்த பொடி' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கடையில் விற்கிற எந்தச் சித்த மருந்தானாலும் லேபிளில் சேர்மானம், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருந்தாக வேண்டும். என் போன்ற வைத்தியர் கையால் கொடுத்தாலும், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வாங்காமல் எழுந்து வாருங்கள்.